வீட்டுக்குள் மட்டும் வேலை செய்த துவக்கு

பழுதான சாமானைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. திருத்தி முடிந்த பிறகும் கையை எடுக்க மாட்டார்கள். இன்னும் ஒரு தேய்ப்பு, இன்னும் ஒரு சொட்டு என்று சுற்றிச் சுற்றி வந்து, நன்றாயிருந்த இடத்தையும் பழுதாக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள். என் மனைவி வசந்தியின் கணக்குப்படி இந்த வியாதி கனடா முழுவதிலும் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர்தான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்வேர்னில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். ஸ்காபரோவில், வால்ட்டர் என்பவருடைய சின்ன இரும்புப் பட்டறையில் எனக்குப் பின்னேர வேலை. மெஷினில் வெட்டி வருகிற துண்டுகளின் கூர் விளிம்புகளை அரத்தால் ராவி மழுக்குவது. (ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'இன்ஜினியரிங் கொம்பனி' என்றுதான் எழுதுவேன். பொய்யில்லை, அரமும் இன்ஜினியரிங்தானே.) வசந்திக்கு பிஸ்கற் தொழிற்சாலையில் காலை வேலை. அவள் வந்து இறங்குகிற பஸ் தரிப்பிடத்தில்தான் நான் ஏறவேண்டும். எங்கள் மகள் துளசியை அந்த இடத்தில் வைத்துத்தான் கைமாற்றிக்கொள்வோம்.

"பால் குடிச்சிட்டாளோ?" என்பாள் வசந்தி.

"ஓம். மூக்கு ஒழுகுது, பாத்துக்கொள்ளும்."

கிழமை நாட்களில் எங்கள் தாம்பத்தியம் இவ்வளவுதான். மிச்சத்தை பஸ் டிரைவர் கதவை மூடி முடித்துவைப்பார்.

பட்டறையின் மூலையில் ஒரு மேசை இருந்தது. அச்சுகளும் கருவிகளும் செய்கிற மேசை. அதில் நின்ற மனிதர் அல்பேட்டா மாகாணத்துக்குப் போய்விட்டதால் அது வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அந்த மேசையில் கண். கெட்டித்தனத்தைக் காட்டவேண்டும் என்பதற்காக இல்லை. அது பகல் வேலை. அது கிடைத்தால் பின்னேரம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் வால்ட்டருடைய துவக்கு என் வாழ்க்கைக்குள் வந்தது.

அது கௌபோய்ப் படங்களில் மாட்டுக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி நீளத் துப்பாக்கி. விசைக்குக் கீழே ஒரு கைப்பிடி வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த கோது வெளியே பறக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில், ரயில்பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு சின்னத் தட்டு அவற்றை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கொடுக்கும். வால்ட்டருடைய துவக்கில் அந்தத் தூக்கலில்தான் பிழை. இரண்டு சூடு போகும், மூன்றாவது தோட்டா அரைவழியில் குறுக்கே நின்றுகொள்ளும்.

ஒவ்வொரு நவம்பரிலும் அவருடைய கிளப்பில் ஒரு சுடும் போட்டி. பரிசு ஒரு வான்கோழி. (கோழியைச் சுடுவதில்லை, கடதாசியைத்தான் சுடுவார்கள். கோழி ஏற்கெனவே ஐஸ்பெட்டியில் பாதுகாப்பாக இருக்கும்.) வருடா வருடம் துவக்கு சிக்கிக்கொள்ள, அவருடைய மைத்துனர் ரோய் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு டிசம்பரில் நத்தார் விருந்தில் அதே கோழியை வால்ட்டருக்கே பரிமாறுவாராம்.

இதை ஒருநாள் தேநீர் இடைவேளையில் வால்ட்டர் புலம்பிக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நான் ஒருக்காப் பாக்கவோ?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

பக்கத்தில் அந்தோனி அண்ணை. மன்னார் ஆள், கடைசல் மெஷினில் வேலை, எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். காலால் என் காலை மிதித்தார்.

"குலம், உன்ரை வாய் சம்பளமில்லாமல் ஓவர்டைம் செய்யுது. நீ துவக்குத் திருத்தினனியோ எப்பவாவது?"

"தையல் மெஷின் திருத்தினனான் அண்ணை. ரெண்டும் ஒரு சாதிதான். ஒண்டு ஊசி, மற்றது தோட்டா."

வால்ட்டருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் என் முகத்திலிருந்த துணிச்சல் விளங்கிவிட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அன்று எனக்குப் புரிந்தபடியே தருகிறேன்: "போட்டியில் இது நின்றுபோகாமல் ஓடினால், திங்கட்கிழமை காலை நீ அந்த மூலை மேசைக்கு வா."

வீட்டில் சொன்னேன். வசந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச அதுக்குத் தலைவாரிப் பொட்டு வைக்கப்போறியளோ?"

"வீட்டுக்குக் கொண்டு வரேல்லையப்பா. பட்டறையில வால்ட்டரின்ரை அலுமாரிக்குள்ளதான் பூட்டி இருக்கும். பகல் வேலை எல்லோ!"

பகல் வேலை என்றதும் கரண்டி மறுபடி கைக்கு வந்தது.

சனிக்கிழமைகளில் வால்ட்டர் அலுமாரியைத் திறந்து தருவார். மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு, வளையத்தை மெதுவாக இழுத்து இழுத்து, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சனி சனியாகப் போனது. கடைசியில் ஆளைப் பிடித்தேன். தூக்கித் தட்டின் நுனி ஒரு மயிரிழை தேய்ந்திருந்தது. அதனால் தட்டு எழும்பும்போது பின்னால் நிற்கிற தோட்டா தன் தலையையும் நுழைத்துவிடுகிறது. ஒருவர் போகிற கதவில் இருவர். வால்ட்டர் அந்த நுனியில் உலோகத்தை உருக்கி நிரப்பித் தந்தார், நான் அரத்தால் ராவி ராவிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். இத்தனை வருடமும் விளிம்பு ராவிய கை, அன்றைக்குத்தான் ராவியதன் பலனைக் கண்டது. தோட்டாக்கள் பிசகில்லாமல் ஏறின.

இந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்கவேண்டும்.

எடுக்கவில்லை. கையுறையோடு பிடிக்க வசதியாக வளையத்தைப் பெரிதாக்கினேன். வால்ட்டருக்குக் கை கட்டை. அதனால் தோளில் முட்டுகிற மர அடிக்கட்டையைக் கொஞ்சம் குறைத்தேன். அதில் ஒரு மயிலும் செதுக்கினேன். வால்ட்டர் விரலால் தடவிப் பார்த்து, "ஆகா, வான்கோழி! போட்டிக்குப் பொருத்தம்" என்றார். (நான் மறுக்கவில்லை. தோகையைப் பார்த்தவருக்கு அப்படித் தெரிந்தால் குற்றம் செதுக்கியவனுடையது.)

மிஞ்சியது எண்ணெய். வால்ட்டர் ஒரு தகரத்தில் துவக்கு எண்ணெய் வைத்திருந்தார். பெற்றோல் மணம், தொட்டால் கைமுழுக்கக் கறுப்பு. என் மயிலுக்குப் போய் இதையா பூசுவது? யாழ்ப்பாணத்தில் நான் தையல் மெஷினுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் என்ன விட்டேன்? தேங்காயெண்ணெய். ஏதாவது ஒன்று முறைப்பாடு சொன்னதா? குளியலறையில் இருந்த போத்தலிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டு போனேன். மரத்துக்குப் பூசினேன், பளபளத்தது. உள்ளே தட்டுக்கும் சுருள்கம்பிக்கும் தாராளமாக விட்டேன். எங்கள் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிற உலை ஒன்று சனிக்கிழமையும் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடி எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தது. வளையம் பட்டுப்போல அசைந்தது.

"என்ன போட்டாய்?" என்று வால்ட்டர் ஆச்சரியப்பட்டார்.

"எங்கட நாட்டு விசேஷ எண்ணெய். ரகசியம்."

வீட்டில் வசந்தி மட்டும் போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, என்ன எண்ணெய் இப்பிடிக் குறையுது? தலைக்கு வைக்கிறியளோ, தலையைப் பொரிக்கிறியளோ?" என்றாள். குளிருக்கு மண்டை வறண்டுபோகிறது என்று சொல்லி வைத்தேன்.

போட்டி நாள் வந்தது. வால்ட்டருடைய பிக்கப்பில் அவரும், அந்தோனி அண்ணையும், நடுவில் நானும் நெருக்கிக்கொண்டு மார்க்கம் நகரத்தையும் தாண்டி வடக்கே போனோம். ஹீற்றர் எங்கள் முழங்காலை வேகவைத்தது. துவக்கு உறைக்குள், இருக்கைக்குப் பின்னால், சொகுசாக. இறங்கினால், புல்லெல்லாம் வெள்ளை. மூச்சு விட்டால் புகை.

பிக்கப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வால்ட்டர் பழகிப் பார்க்க ஐந்து சுட்டார். ஐந்தும் தையல் மெஷின் மாதிரி ஓடின. அவர் திரும்பி ரோயைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ரோய் பெரிய உடம்புக்காரர், சிவந்த முகம், பக்கத்தில் மண்ணிற நாய் ஒன்று. அதற்குப் பெயர் மொலி.

"அண்ணை, திங்கட்கிழமை நான் மூலை மேசை" என்றேன்.

"முதல்ல கோழி வரட்டும்" என்றார் அந்தோனி அண்ணை.

பிறகு முறைக்காகக் காத்திருந்தோம். துவக்குகளெல்லாம் வெளியே ஒரு தட்டியில், பனிக்காற்றில் சாத்திக் கிடந்தன. வால்ட்டருடைய முறை வந்தது. முதல் சூடு, நடுவட்டத்தில். வளையத்தைத் தள்ளினார். அது போன விதத்தைப் பார்த்தேன். குளிர்ந்துபோன அல்வாவுக்குள் அகப்பையை விட்டு இழுக்கிற மாதிரி. மேலே இழுத்தார். தோட்டா ஏறவில்லை. தட்டு பாதி வழியில் நித்திரை.

துவக்கில் பிழை என்றால் கடைசியில் இன்னொரு தரம் சுடலாம் என்பது அங்கே வழக்கம். தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, கிளப் வீட்டுக்குள் ஓடினோம். விறகடுப்புப் பக்கத்தில் வைத்து நான் திறந்து பார்த்து, துடைத்து, ஒன்றும் தெரியாமல் விழித்துவிட்டு, வெற்றுத் தோட்டா போட்டு இழுத்தேன். பட்டு! ஒன்றன்பின் ஒன்றாய் ஏறியது.

வெளியே கொண்டுபோனோம். காத்திருந்தோம். வால்ட்டர் சுட்டார். ஒன்று. அல்வா.

"வால்ட்டர், உன்னுடைய துவக்கு வீட்டுக்குள் மட்டும் வேலை செய்கிற துவக்கு" என்று ரோய் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "அடுத்த முறை மானை வரவேற்பறைக்குக் கூப்பிடு."

கோழி ரோயிடம் போனது. வால்ட்டர் தோட்டாக்களைக் கழற்றி, துவக்கை உள்ளே அடுப்படியில் சாத்திவிட்டு, ஒரு கதிரையில் போய் இருந்தார். நான் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். வசந்தியிடம் என்ன சொல்வது? பஸ் தரிப்பிடம் கண்ணில் வந்தது. 'மூக்கு ஒழுகுது, பாத்துக்கொள்ளும்.'

அப்போது மொலி உள்ளே வந்தது. நேராக அடுப்படியில் சாத்தியிருந்த வெறுந்துவக்கிடம் போய், மயிலை மோந்தது. பிறகு அடிக்கட்டை முழுவதையும் நக்கத் தொடங்கியது. அதை முடித்துவிட்டு தோட்டா போடுகிற துவாரத்துக்குள் நாக்கை விட்டது.

"நாய்கூட இரக்கப்படுகிறது" என்றார் ரோய்.

நான் குனிந்து நாயைப் பிடித்து இழுத்தேன். குனிந்ததுதான் பிழை. மொலி திரும்பியது, ஒருதரம் மோந்தது, பிறகு துவக்கை நக்கிய அதே பக்தியோடு என் தலையை நக்கத் தொடங்கியது.

வால்ட்டர் துவக்கைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். எழும்பி வந்து துவக்கைத் திறந்து, ஆழத்தில் இன்னும் சூடு ஏறாத மூலைக்குள் விரலை விட்டு வெளியே எடுத்தார். விரல் நுனியில் வெள்ளையாக, மெழுகுதிரி மாதிரி ஒரு கட்டி.

"இது என்ன?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

மறைக்க என்ன இருக்கிறது? சாட்சி என் காதுவரை நக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தொட்டுக் காட்டினேன்.

அந்தோனி அண்ணை நெற்றியில் சிலுவை போட்டார். "மாதாவே! தேங்காயெண்ணெயோ? டேய், அது குளிருக்கு உறையுமெண்டு குழந்தைப்பிள்ளைக்கும் தெரியுமே!"

எனக்கும் தெரியும். அதுதான் அவமானம். ஒக்டோபர் தொடங்கினால் தினமும் காலையில் குளியலறைப் போத்தல் கல்லாகிக் கிடக்கும். தினமும் அதைச் சுடுதண்ணீருக்குள் நிறுத்தி வைத்து உருக்கித் தலைக்கு வைப்பவன் நான்தான். அன்று காலையும் வைத்தேன். வைத்துவிட்டுத்தான் பிக்கப்பில் ஏறினேன். போத்தலில் உறைந்தது துவக்கிலும் உறையும் என்று அந்தத் தலைக்குள் ஏறவில்லை.

முதலில் சிரித்தவர் ரோய். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, நல்ல மனிதர், தன்னுடைய துவக்கு எண்ணெயையும் கழுவுகிற திரவத்தையும் எடுத்துத் தந்தார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பெற்றோல் மணக்கிற அந்தக் கறுப்பு எண்ணெயில் இரண்டு சொட்டு மட்டும் விட்டோம். வெளியே தட்டியில் நன்றாகக் குளிரவிட்டோம். போட்டி முடிந்து வெறிச்சென்றிருந்த இடத்தில் வால்ட்டர் தனியாக நின்று சுட்டார். குழாய் முடியும்வரை ஒரு தோட்டாவும் தயங்கவில்லை.

திரும்பி வரும்போது பிக்கப்பில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். வீட்டில் வசந்தி கேட்டதற்கு, முடிவு திங்கட்கிழமைதான் தெரியும் என்று சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை வழமைபோலப் பின்னேரம் போனேன். வால்ட்டர் கதவடியில் நின்றார்.

"காலையில் ஏன் வரவில்லை?"

"கோழி வரேல்லையே" என்றேன் என் ஆங்கிலத்தில்.

"திருத்தினதும் நீ, கெடுத்ததும் நீ. அந்தத் தட்டை இவ்வளவு பேரிடம் காட்டினேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கை எனக்கு மேசையில் வேண்டும். கெடுத்த கைக்கு மருந்து வாங்கிவிட்டேன்." மூலை மேசையைக் காட்டினார். அதன்மேல் ஒரு புதுத் தகரம் எண்ணெய். அதில் தன் கையால் எழுதியிருந்தார்: 'இதைத் தலைக்கு வைக்காதே.'

அன்றிரவு வசந்தியை எழுப்பி முழுக்கதையும் சொன்னேன். பகல் வேலையைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணெயைச் சொன்னேன். என்னதான் இருந்தாலும் எனக்கும் கொஞ்சம் ஒழுங்குமுறை தெரியும். அவள் துளசி எழும்பிவிடுவாள் என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாய்க்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லையே அப்பா!"

மூலை மேசையில் பல வருடம் நின்றேன். துளசி இப்போது வேலைக்குப் போகிற பெண். எங்கள் வீட்டில் குளிர்காலம் தொடங்கிவிட்டது என்பதை வானிலை அறிக்கை சொல்வதில்லை. ஒரு நாள் காலையில், என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், வெள்ளையாக உறைந்த எண்ணெய்ப் போத்தலை வசந்தி கொண்டுவந்து வைப்பாள். துளசி மாடியிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்ப்பாள், என் தலையைப் பார்ப்பாள்.

"அம்மா, ஹன்டிங் சீசன் ஸ்டார்ட்!"

நான் எழும்பிப்போய்ச் சுடுதண்ணீருக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பேன். பிறகு மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம்.