ரை கட்டினவருக்குக் காட்டிய வயிறு

உங்களுக்கு ஏனப்பா இந்த விடுப்புக் கேட்கிற பழக்கம்? ஒரு மனுசி ஆஸ்பத்திரிக்குப் போனாள், வந்தாள் என்று விடமாட்டீர்களா? சரி, காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கேட்டுத் தொலையுங்கள்.

போன மாரியில் எனக்கு வயிற்றின் வலப்பக்கம் ஒரே குத்து. (உலக்கைக் குத்து, பொய்யில்லை!) பேத்தி மிது எங்கள் வில்லரே வீட்டிலிருந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். அங்கே பச்சை உடுப்போடு ஒரு பெட்டை வந்தாள். மிது அவளோடு பிரெஞ்சில் கதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மம்மா, இவ டொக்டர் இல்லை. டொக்டரோடை வேலை செய்யிறவ. ஆனா இவவே பாத்து மருந்தும் எழுதுவா."

"அப்ப நர்ஸோ?"

"நர்ஸும் இல்லை."

டொக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, மருந்து மட்டும் எழுதுவாவாம்! எனக்கு வயிற்றுக் குத்தோடு தலைச்சுற்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கத்தில் நோவைப் பெரிய டொக்டருக்குத்தான் சொல்வோம். இடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்தால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

"எங்கை நோகுதாம் எண்டு கேக்கிறா."

"எனக்கோ? நான் சும்மா உன்னோடை உலாத்த வந்தனான்."

"அம்மம்மா! வீட்டிலை நோகுது எண்டு குழறினீங்கள்!"

"அது வீட்டிலை."

பச்சை உடுப்புக்காரி வயிற்றை அமர்த்திப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். நோவில்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், டொக்டரைக் கேட்டு வருகிறேன் என்று போய்விட்டாள். மிதுவும் தண்ணீர் எடுக்கப் போனாள். பெரிய டொக்டரைக் காணாமலே அனுப்பப் போகிறார்களே! இந்தக் குத்தோடு நான் எப்படிப் படுப்பது?

அப்போது திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நரைத்த தலை, கோட்டு, கழுத்தில் ரை. முருகா, பெரிய டொக்டரை அனுப்பிவிட்டாய்! கையை எட்டிப் பிடித்தேன். நாக்கை நீட்டினேன். சட்டையைத் தூக்கி, "இஞ்சை ஐயா, இஞ்சை! சாப்பிட்டா உயிர் போகுது!" என்று குழறினேன். மனுசன் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்து, "உவி, உவி" என்று பிரெஞ்சில் ஓம் போட்டுத் தலையாட்டினார்.

வாசலில் பச்சை உடுப்புக்காரி. எவ்வளவு நேரம் நின்றாளோ! நேரே வந்து, நான் காட்டிய இடத்திலேயே விரலை ஊன்றினாள். பல்லைக் கடிக்க நேரம் கிடைக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மிது தண்ணீரைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

பித்தப்பையில் கல். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் சீழ் பிடித்திருக்குமாம். அடுத்த நாளே வெட்டி எடுத்தார்கள்.

ரை கட்டினவரோ, பக்கத்துக் கட்டில் மனுசியின் புருசன்.

இப்போது நான் தும்மினாலும் மிது கேட்பாள்: "எனக்குச் சொல்லுவீங்களோ, ரை கட்டின ஆள் வேணுமோ?"

பக்கத்து வீட்டுச் சனம் பார்க்க வந்து, "ஆரக்கா உங்களைப் பாத்தது?" என்று கேட்டது.

"பெரிய டொக்டர்தான். என்ன பணிவான மனுசன்! ஒரு கேள்வி கேக்கேல்லை. நான் சொன்னதுக்கெல்லாம் ஓமெண்டவர்."