சொந்த வண்டியா? அப்போ பின்னாடி போங்க!

எழுந்துநட ஐயா வந்துவிட்டார்! மூன்று நாள், மூன்றே நாள்! அவர் 'எழு' என்றால் எழவேண்டும், 'நட' என்றால் நடக்கவேண்டும். காலுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சுவருக்குச் சுவர் அவர் சிரிப்பு. எலும்பு டாக்டர்கள் வேறு தொழில் தேடுவதாகக்கூடப் பேச்சு. மண்டப வாசலில் தொடங்கிய வரிசை பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டிருந்தது. முதல் நாளே பன்னிரண்டு பேர் சக்கர நாற்காலியை உதறிவிட்டு நடந்தார்களாம். பார்த்தது யார்? பக்கத்து வீட்டுக்காரரின் மச்சான். அவருக்குச் சொன்னது யார்? அதையெல்லாம் கேட்டால் பலிக்காது!

"கிளம்புடி, நாளைக்குப் போனா நாற்காலியே கிடைக்காது" என்று மகளை உலுக்கினாள் அம்மா.

"எனக்கு எதுக்கும்மா நாற்காலி? நான்தான் கையோட கொண்டு போறேனே" என்றாள் பியூஸ் அக்கா.

கடைத்தெரு வைத்த பெயர் அது. அண்ணனின் மைக் செட் கடைப் பின்னறையில் உட்கார்ந்து, செத்துப்போன ஆம்ப்ளிஃபயர்களை எல்லாம் பிழைக்க வைப்பவள். முன்னால் அண்ணன் பேர் வாங்குவார், திரைக்குப் பின்னால் இவள் வேலை செய்வாள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காலையும் கொண்டுபோனது. மற்றதை எல்லாம் தடுத்தது காய்ச்சல் இல்லை, அவளேதான். வீட்டு மாடிக்குத் தினமும் ஏறுவாள். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்துப் பதினாறு படி. மூச்சுகூட வாங்காது. ஆனால் வெளியாள் யாராவது அதைப் பார்த்துவிட்டால்? அய்யய்யோ! அதனால் படி இருக்கிற இடமெல்லாம் அவளுக்கு 'ஒத்துவராது'. தொழிற்பள்ளியில் பாடம் சொல்லித்தர இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வாசலில் நாலு படி. 'உடல்நிலை சரியில்லை' என்று எழுதிப் போட்டாள். உடல்நிலை கல்லு மாதிரி இருந்தது.

அன்றைக்கும் போயிருக்கமாட்டாள். அம்மா அழுததால் கிளம்பினாள். உள்ளுக்குள் ஒரு மூலையில், ஒருவேளை நடந்துவிட்டால், என்ற நினைப்பும் இல்லாமல் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கூடவே முட்டைக்கடைப் பெரியம்மாவும் தொற்றிக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் முட்டிவலி. கொஞ்சம்தான். அன்று காலை பேருந்து நகர்ந்துவிட்டதைப் பார்த்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் நிறுத்தியவளே அவள்தான்.

மண்டப வாசலில் நீலச்சட்டைத் தொண்டர்கள். அவர்கள் பக்கத்தில் புத்தம்புதிய சக்கர நாற்காலிகள், வரிசையாக.

"என்னம்மா, முட்டிவலியா? நிக்கக்கூடாது, நிக்கவே கூடாது! உக்காருங்க" என்று பெரியம்மாவைப் பிடித்து ஒன்றில் அமுக்கினான் ஒரு தொண்டன்.

"இல்ல தம்பி, நான் நல்லா நடப்பேன்..."

"உபசாரம்மா. ஐயா சொல்லியிருக்காரு." தள்ளிக்கொண்டு போனான், நேராக முன்வரிசைக்கு.

பியூஸ் அக்கா சக்கரத்தை உருட்டினாள். தொண்டன் குறுக்கே கை நீட்டினான்.

"சொந்த வண்டியா?"

"ஆமா."

"அப்போ பின்னாடி போங்க. தூணுக்கு அந்தப் பக்கம்."

தூணுக்கு அந்தப் பக்கம் போனால் அங்கே ஒரு தனி உலகமே இருந்தது. பிறந்ததிலிருந்து நடக்காதவர்கள், விபத்தில் முதுகு முறிந்தவர்கள், ஊன்றுகோல்காரர்கள். நடக்க முடியாதவர் ஒருவர் விடாமல் எல்லாரும் பின்னால்! முன்னால் இருந்தவர்கள் யார்? பியூஸ் அக்காவின் மண்டைக்குள் ஏதோ ஒரு ஒயர் லேசாகப் பொறி தட்டியது.

மேளம் முழங்கியது. ஐயா வந்தார். பட்டு, புன்னகை, கையில் மைக். மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்குப் போனார். பெரியம்மாவின் நெற்றியில் கை வைத்தார்.

"மகளே! எழு! நட!"

பெரியம்மா எழுந்தாள். நடந்தாள். வேறு என்ன செய்வாள் பாவம்? கூட்டம் கூரை பிய்ந்து போகக் கத்தியது. "நான் வர்றப்பவே நடந்துதானே..." என்று பெரியம்மா ஆரம்பித்ததை மேளம் விழுங்கிவிட்டது. அடுத்தவர் எழுந்தார். அதற்கடுத்தவரும். எட்டுப் பேர்! அம்மா கன்னத்தில் நீர் வழியக் கை கூப்பினாள். பியூஸ் அக்காவுக்குச் சிரிப்பு தொண்டையில் முட்டியது. அடக்க அடக்க விக்கலாக வந்தது.

அப்போதுதான், மேடைக்குத் திரும்பிய ஐயா பின்வரிசையைப் பார்த்தார்.

"ஊன்றுகோலையும் நாற்காலியையும் பிடிச்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் குணம் எப்படி வரும்? அதுதான் உங்க நோய்! அதையெல்லாம் மேடைக்கு அனுப்புங்க!"

நீலச்சட்டைகள் பாய்ந்தன. "குடுத்துடுடி, ஒரே ஒரு தடவை நம்பித்தான் பாரேன்" என்றாள் அம்மா. பியூஸ் அக்கா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஒரு பெஞ்சில் வைத்தார்கள். அவள் இடுப்பு அளவுக்கு வெட்டிப் பொருத்திய நாற்காலி, திருப்புளி செருக ஓரத்தில் அவளே வளையம் பற்றவைத்த நாற்காலி, ஊரார் ஊன்றுகோல்களோடு மேடையில் விறகு மாதிரி குவிந்தது.

சிரிப்பு நின்றுபோனது.

பெஞ்சிலிருந்து தரையில் இறங்கினாள். ஐந்நூறு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். வழவழப்பான தரை, கையை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினால் ஓர் அடி. "நகருது! நகருது!" என்று யாரோ அலறினார். "அற்புதம்!" என்று இன்னொருவர்.

"முப்பது வருஷமா இப்படித்தாங்க நகர்றேன், வழி விடுங்க" என்று போய்க்கொண்டே இருந்தாள்.

மேடைக்கு ஆறு படி. முதுகைத் திருப்பினாள். மொத்த மண்டபமும் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. காது சுட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் ஏறும்போது ஒன்று புரிந்தது. யாராவது பார்த்துவிட்டால் என்று இத்தனை வருடம் பயந்தாளே, இதோ எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை! ஐந்தும் ஆறும் பறந்து போயின.

கேட்காமலே கிடைத்த அற்புதம் என்று ஐயா பூரித்துப் போனார். மைக்கை அவள் கையிலேயே கொடுத்தார். "சொல்லு மகளே!"

"ஒரு சின்ன சந்தேகம்" என்றாள். "இன்னிக்கு எந்திரிச்சு நடந்தவங்க எல்லாம் கை தூக்குங்க."

எட்டுக் கைகள்.

"இந்த வாசல் வரைக்கும் நடந்தே வந்தவங்க, தூக்கின கையை இறக்காதீங்க."

எட்டுக் கைகளும் அப்படியே நின்றன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"நான் ஓடியே வந்தேன்!" என்றாள் பெரியம்மா, பெருமை தாங்காமல். "பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்! இந்தப் பையன்தான் என்னை அமுக்கி உக்கார வச்சான்!"

"மைக்கை ஆஃப் பண்ணு!" என்று கத்தினார் ஐயா. ஓரத்தில் வாடகை மைக் செட்டோடு உட்கார்ந்திருந்தவர் யார்? அவள் அண்ணன். ஆஃப் செய்யவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"சரிங்கய்யா, நான் நடந்து வரல. என்னை நடக்க வைங்க" என்றாள் பியூஸ் அக்கா.

"உனக்கு நம்பிக்கை இல்ல மகளே!"

"கடைக்கு வர்ற ஆம்ப்ளிஃபயர்கிட்ட, என்மேல நம்பிக்கை இருக்கான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. சரி பண்ணிக் குடுத்துடுவேன்."

முதலில் சிரித்தவர்கள் தூணுக்கு அந்தப் பக்கத்தவர்கள். பிறகு மண்டபமே குலுங்கியது. ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "மயக்கமா வருது" என்று பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். அது ஒரு சக்கர நாற்காலி. பெரியம்மா மேடையேறி, அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"எழு! நட!"

"எழு! நட!" என்றது ஐந்நூறு தொண்டை. ஐயா எழுந்தார். நடக்கவில்லை, ஓடினார்! பின்வாசல் வழியாக, பட்டு பறக்க, நீலச்சட்டைகள் பின்தொடர.

அம்மா குவியலில் துழாவி மகளின் நாற்காலியை இழுத்து வந்தாள். கண் இன்னும் காயவில்லை. "இத்தனை பேர் முன்னால அப்படி ஏறினியே, கூச்சமா இல்லையாடி?"

"மூணு படி வரைக்கும் இருந்துச்சும்மா." கையால் எம்பி நாற்காலியில் ஏறினாள். "நாளைக்குத் தொழிற்பள்ளிக்குப் போறேன். அங்க நாலே படிதான்."

கூட்டத்திலிருந்து ஒருவர் மெல்ல முன்னால் வந்தார். "அக்கா, இவரு போலிதான், ஒத்துக்கறேன். அசல் எங்க இருக்காருன்னு தெரியுமா?"

பியூஸ் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க ஊன்றுகோலைப் பார்த்து எடுத்துக்குங்க. வாசல்ல கழட்டி வச்சிட்டு வந்த மூளையையும் மறக்காம மாட்டிக்கிட்டுப் போங்க. அது எதையாவது கேட்டா, வாயை மூடுன்னு அதட்டாதீங்க!"