பட்டினி போட்டால் ஓடும் வண்டி

லான்மடாவ், யாங்கோன்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள பேரன் டேனிக்கு உன் அம்மாச்சி மக்தலேனா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் என் முழங்காலும் ஒருமாதிரி இருக்கிறோம். அங்கே பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் காதை மூடிக்கொள்.

உன் தங்கை பெர்சிஸுக்கு சிங்கப்பூரில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரிய டாக்டரே அவளைக் கேட்டுத்தான் ஊசி எடுக்கிறாராம். உன் சித்தி மகள் பர்மியப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள், தமிழில் என்னிடம் தண்ணீர் கேட்கத்தான் வரவில்லை. நீ ஹொக்கைடோ ஹோட்டலில் ஜப்பான்காரருக்கே வழி சொல்கிறாய் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உன் அண்ணன் தாமஸிடம் ஒரு வண்டி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மாவ்பியில் அமிர்தநாதன் மகள் அஞ்சலியை அவனுக்குக் கேட்டிருக்கிறோம் அல்லவா. அமிர்தநாதனின் பள்ளத்து வயலில் மழைக்காலத்தில் டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும். சேற்றில் புதையாத வண்டி கொண்டுவருகிறேன் என்று உன் அண்ணன் வாயை விட்டுவிட்டான். "வண்டி வயலைத் தாண்டட்டும், கல்யாணத்தை அப்புறம் பேசலாம்" என்று அந்த மனுஷன் சொல்லிவிட்டார். இவன் போய் ஜப்பானிலிருந்து வந்த பழைய உழவு மெஷின்களுக்கு நடுவிலே, கீழே ரப்பர் பட்டையும் முன்னால் இரண்டு பலகையுமாக ஒன்றைப் பார்த்து, சேற்றுக்கென்றே செய்தது என்று வாங்கி வந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பனியில் ஓடுகிற வண்டி என்று தெரிந்தது. உங்கள் ஊரில் அப்படி ஒரு வண்டி இருப்பதை நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் தொண்டையில் சளி கட்டிய பிள்ளை மாதிரி கொரகொரவென்று திணறி, தெரு முழுக்கப் புகை விட்டு நின்றுபோகிறது. மெக்கானிக் சாதிக் பாட்சா வந்து பிளக்கைக் கழற்றினால் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பு, அதிலும் ஈரம். எண்ணெய் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினாச்சே, பெட்ரோலில் எண்ணெய் கூடிப்போயிற்றோ என்று முகர்ந்து பார்த்து, அளவு சரிதான் என்றார். "கார்புரேட்டர்தாம்மா. பெட்ரோலும் காத்தும் கலக்குற இடத்துல தகராறு" என்றார். எந்தப் பக்கம் தகராறு என்று கேட்டேன். "அதைத்தாம்மா பாக்கணும்" என்றார். பார்க்க என்ன இருக்கிறது. ஓட முடியாமல் திணறுகிற பிள்ளைக்குப் பசி என்று எனக்குத் தெரியாதா. பெட்ரோலைக் கூட்டச் சொன்னேன், கூட்டினார், புகைதான் கூடியது. குளிர் தேசத்து எஞ்சினாச்சே என்று காற்றை அடைக்கிற சோக்கை இழுத்து வைத்தார், உடனே நின்றது. காற்றுப் பெட்டியைக் கழற்றிப் போட்டதும் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. நான்தான், பாவம், ஊர் மாறி வந்தது, இந்தப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்து அது காற்று இழுக்கிற வாயில் கட்டினேன். "அம்மாச்சி, அது மூச்சு விட வேணாமா?" என்று தாமஸ் கத்தினான். காய்ச்சலில் கிடந்தபோது இவன் நெற்றியிலும் இதே துண்டைத்தான் போட்டேன், அப்போது கத்தவில்லை.

நேற்று மாவ்பிக்கு லாரியில் ஏற்றிப் போனோம். ஊரே வரப்பில் நிற்கிறது. வண்டியில் முன்னால் தாமஸ், பின்னால் அமிர்தநாதன். வண்டி சேற்றில் இறங்கியது, கொரகொரத்தது, நகரவில்லை. புகையில் ஆளே தெரியவில்லை. "மாப்ளே, இது வண்டியா கொசுவத்தியா?" என்று உள்ளேயிருந்து அமிர்தநாதன் கேட்பது மட்டும் கேட்டது. அஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பெட்ரோலைக் குடித்துவிட்டு நம்மைச் சந்தி சிரிக்க வைக்கிறாயா, உனக்கு இனி ஒரு சொட்டுக் கிடையாது என்று வரப்பிலிருந்தே கையை நீட்டிப் பெட்ரோல் குழாயை மூடிவிட்டேன். தாமஸ் கவனிக்கவில்லை, ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் இருமியது, புகை மெலிந்தது, திடீரென்று கணீரென்று ஒரு சத்தம், வண்டி பறந்தது டேனி. சேற்றின் மேலே கொக்கு மாதிரிப் போனது. அமிர்தநாதன் லுங்கியைப் பிடிப்பதா தாமஸைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டார். எதிர்வரப்பை முட்டியதும் வண்டி செத்தது, அவர் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் போனார். சேற்றோடு எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

அப்புறம் நாங்கள் மறுபடி பார்த்தோம். குழாயைத் திறந்தால் திணறுகிறது, மூடினால் கொஞ்ச நேரம் குதிரையாய் ஓடி நின்றுவிடுகிறது. ஊட்டினால் படுக்கிறது, பட்டினி போட்டால் ஓடுகிறது. இது என்ன வியாதி? என் புத்திக்கு, நிற்பதற்கு முன் கடைசிப் பசியில் துடிக்கிறது என்றுதான் படுகிறது. கார்புரேட்டருக்குள்ளே ஜெட் என்று பித்தளையில் ஒரு துளைச் சாமான் இருக்கிறதாம், அதன் வழியாகத்தான் பெட்ரோல் வருமாம். பெரிய துளையாகப் பார்த்து உடனே வாங்கி அனுப்பு. அமிர்தநாதனுக்குப் போன் போட்டு இது நல்ல குலத்து வண்டி என்றும் சொல். சம்பந்தம் முறிந்துபோனால் நான் எந்த முகத்தோடு பூசைக்குப் போவது.

மாதா உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மாச்சி
மக்தலேனா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அமிர்தநாதன் வாசலில் வந்து நின்றார். "அம்மா, குழாய மூடினாத்தான் ஓடுதுன்னு சொன்னாங்க, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அந்த வண்டிக்குப் பசியில்ல, அஜீரணம். குளிர் ஊர்ல காத்து கெட்டி, அதுக்குத் தக்கன பெட்ரோல் விட்டு வச்சிருக்கான். நம்ம ஊரு லேசான காத்துக்கு அது விருந்துச் சாப்பாடு. சின்ன ஜெட்டாப் போடுங்க" என்றார். கல்யாணம் என்று இழுத்தேன். "வயலத் தாண்டிடுச்சுல்ல. பேச்சுன்னா பேச்சு. ஆனா கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளைக்கு என் பொண்ணுதான் சோறு போடுவா. நீங்க போட்டா அவனும் ஓட மாட்டான்" என்றார். நான் எப்போது யாருக்கு அதிகமாகப் போட்டேன். அதனால் பெரிய ஜெட் வேண்டாம், சின்னதாக அனுப்பு. உனக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இறால் பலச்சாங் பெரிய போத்தலில்தான் அனுப்பியிருக்கிறேன், மனிதனுக்கும் கார்புரேட்டருக்கும் வித்தியாசம் உண்டு. போனில் வந்த உன் படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது, அது காற்றா பட்டினியா என்று இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், முழு உடம்பும் தெரிகிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.