கன்சோல் போர்ட்டுக்கு வைத்த சந்தனம்

பயம் வந்துவிட்டால் எனக்குப் பக்தி முற்றிவிடும். சாதாரண நாளில் சாமி படத்தை ஏறிட்டும் பார்க்காதவள், பரீட்சை என்றால் ஓடுகிற பஸ்ஸிலிருந்தே எல்லாக் கோயிலுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அந்தப் பக்தி ஒரு தடவை என் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை ஆபீஸில் ஒப்பந்த வேலை. (பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதுதான் பெரிய உத்தியோகம்.) நெட்வொர்க் பிரிவில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. மேலாளர் கூப்பிட்டார்.

"செய்முறைத் தேர்வு பாஸ் பண்ணிட்டு வாம்மா, அந்த இடம் உனக்குத்தான். இல்லன்னா இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வு பெரம்பலூரில், நான் படித்த பயிற்சி மையத்திலேயே. அதற்குச் சில நாள் முன்னால் அந்த மையத்தில் ஆயுத பூஜை; நானும் போயிருந்தேன். ரவுட்டர், சுவிட்ச் என்று நெட்வொர்க் பெட்டிகள் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மற்றவர்களாக இருந்தால் பெட்டியின் தலையில் ஒரு பொட்டோடு விட்டிருப்பார்கள். நான் விடுவேனா? கன்சோல் போர்ட்டில் கேபிளைச் சொருகினால்தான் ரவுட்டரிடம் பேசவே முடியும். அதற்குத் தனி மரியாதை வேண்டாமா என்று, கட்டைவிரலால் அந்த ஓட்டையிலேயே சந்தனத்தை அப்பினேன். மேலே குங்குமம் வேறு.

தேர்வன்று தம்பி செந்தில் பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

"ஏங்க்கா, வழி நெடுக கன்னத்துல போட்டுக்கிட்டே வந்த. கேபிள சொருகவும் சாமியா வரும்?"

"வாய மூடிக்கிட்டு வூட்டுக்குப் போடா."

உள்ளே எனக்குக் கிடைத்தது ஒரு ரவுட்டர், இரண்டு சுவிட்ச். இணைப்பு கொடுக்க இவ்வளவு நேரம், செட்டிங் போட இவ்வளவு, சரிபார்க்க இவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாரோ பெட்டிகளை வெளிப்பக்கம் பளிச்சென்று துடைத்திருந்தார்கள். கேபிளைச் சொருகினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது, அழுத்தினேன். திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. கேபிளை மாற்றினேன், லேப்டாப்பை மாற்றினேன். அதே இருட்டு. சுற்றிலும் எல்லோரும் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை போச்சு, வீட்டில் என்ன சொல்வேன் என்று கண் கலங்கிவிட்டது.

கேபிளை உருவிப் பார்த்தேன். முனையெல்லாம் மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனேன்.

திருச்சியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றார். "என்னம்மா, கேபிள மோந்து பாக்குற?"

"சந்தனம் சார்."

"யாரு வச்சது?"

"நான்தான் சார்."

அவர் முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "கூடுதல் நேரம் தர முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

கரண்ட்டை அணைத்துவிட்டு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்ட ஆரம்பித்தேன். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. (உள்ளே இருக்கும் கம்பி ஒன்று வளைந்தால் கதை முடிந்தது.) ஒரு வழியாகத் திரையில் எழுத்து வந்தபோது, போட்டு வைத்த கணக்கில் பாதி நேரம் காலி. சரிபார்ப்பதாவது ஒன்றாவது! ஒரு செட்டிங் போடு, உடனே சேமி, அடுத்ததற்குப் போ. கடைசிக் கேள்வியைத் தொடவே முடியவில்லை.

நேரம் முடிந்ததும் தேர்வாளர் எல்லாப் பெட்டிகளையும் அணைத்துத் திரும்பப் போட்டார். சேமிக்காதவர்கள் போட்டதெல்லாம் அழிந்துபோகும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"வேல செய்யுது" என்றார். "இனிமே பூஜைய வெளியில மட்டும் வச்சுக்கம்மா."

தேறினேன், மயிரிழையில். வேலையும் கிடைத்தது. ஆனால் செந்திலிடம் நடந்ததைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

என் கல்யாணத்தில் நலங்கு. மாப்பிள்ளை கன்னத்தில் பூசச் சொல்லி என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து செந்தில் குரல் வந்தது.

"மாமா, காத பொத்திக்கிடுங்க. ஓட்டை எங்க இருந்தாலும் அக்கா அடைச்சிரும்."

விஷயம் தெரியாத மனுஷன், இரண்டு காதையும் நிஜமாகவே பொத்திக்கொண்டார். கல்யாண போட்டோவில் இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.