நாலுக்கு ஒன்றாய்ச் சுண்டிய பேல் ஏல்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்று ஆரம்பித்தால்தான் நீங்கள் உட்கார்ந்து கேட்பீர்கள். சரி, இருந்தது. பெயர் அடைக்கலம். மனைவி பெயர் பூங்கோதை. நூறு கிலோவுக்குக் குறையாத பூங்கோதை. ஓடைக்கு மேலே, மழைத்தண்ணீர் ஏறாத, வெயிலும் சுடாத நல்ல குகையில் இரண்டும் குடியிருந்தன. அந்தக் குகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதைப் பற்றியதுதான்.

இலக்கணம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் சாதாரண மிருகங்கள் 'வந்தது, போனது' என்று வரும். பதவியில் இருப்பவர்கள் 'வந்தார், போனார்' என்று வருவார்கள். இது நான் போட்ட சட்டமில்லை. அந்தக் காட்டில் அப்படித்தான் பேசுவார்கள். நம் ஊரில் எப்படியோ, எனக்குத் தெரியாது.

அந்தக் காட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அதாவது, குடிக்கலாம். நடுக்காட்டில் அரசு இலுப்பை மரம் என்று ஒன்று நின்றது. அதன் பூ உதிர்ந்து, குழியில் கிடந்து, தானாகப் புளித்துப் போதையேறும். உச்சிவெயிலில்தான் வேலியைத் திறப்பார்கள் என்றாலும் விடிந்ததிலிருந்து வரிசை நிற்கும். அங்கே குடிப்பவன் நல்ல குடிமகன். வீட்டில் காய்ச்சுகிறவன் சமூகவிரோதி. காய்ச்சிப் பிடிபட்டால் குகை பறிமுதல், ஆளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் குகையும் கிடையாது, ஒதுங்க ஒரு பாறையும் கிடையாது.

அடைக்கலமும் எல்லாரையும் போல வரிசையில் நின்று இலுப்பைச் சாறு குடித்துவிட்டு ஒழுங்காகக் குப்புறப் படுத்துக் கிடந்த கரடிதான். ஜீப்பில் சுற்றுலா வந்த யாரோ மறந்துவிட்டுப் போன செல்போன் அதன் கையில் கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. அதில் தாடி வைத்த ஆட்கள் வீட்டுச் சமையலறையில் பேல் ஏல் என்ற பொன்னிற பீரைக் காய்ச்சி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து, முதலில் மாம்பழ வாசனை வருகிறது, நடுவில் எலுமிச்சைத் தோல் வருகிறது, கடைசியில் ஒரு இதமான கசப்பு நாக்கில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அடைக்கலத்துக்கு இலுப்பைச் சாறு இறங்கவில்லை. அதில் ஆழம் இல்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தது. மாம்பழ வாசனை வேண்டுமானால் மாம்பழம் தின்ன வேண்டியதுதானே என்று பூங்கோதை கேட்டது. உனக்கு ரசனை கிடையாது என்று அடைக்கலம் சொல்லிவிட்டது. கல்யாணமான கரடி சொல்லக் கூடாத வார்த்தை அது.

அந்தப் போனிலேயே காய்ச்சும் சாமானுக்கு ஆர்டர் போட்டது. பார்சல் வந்தது. கொண்டுவந்த காக்கை, போனுக்கு வந்திருக்கும் நாலு எண்ணைச் சொன்னால்தான் கொடுப்பேன் என்று கிளையிலேயே உட்கார்ந்துகொண்டது. சிக்னலுக்காக அடைக்கலம் மூன்று மரம் ஏறி இறங்கியது. பெட்டியில் ஒரு டப்பா மால்ட் சாறு, வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இருந்தது. முளைகட்டிய பார்லியிலிருந்து காய்ச்சி இறக்கும் முக்கால் வேலையை நகரத்திலேயே யாரோ முடித்து டப்பாவில் அடைத்திருந்தார்கள். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை அரைத்து உருட்டிய ஐந்து பொட்டலம் இருந்தது, பார்வைக்குப் பச்சை நிற ஆட்டுப் புழுக்கைதான். ஈஸ்ட் ஒரு சின்னப் பொட்டலம், மூடி போட்ட வாளி ஒன்று, செய்முறைத் தாள் ஒன்று. முக்கால் வேலையை வேறொருவர் செய்து கொடுத்ததைக் கரைத்துக் கொதிக்கவைப்பதற்குப் பெயர் சொந்தமாகக் காய்ச்சுவது. அடைக்கலம் அன்றைக்கே தன்னைக் கலைஞன் என்று அழைத்துக்கொண்டது.

தாளில் எல்லாம் தெளிவாகத்தான் போட்டிருந்தது. சாற்றைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஐந்து பொட்டலத்தையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. முதலில் போடுவது கசப்புக்கு, பின்னால் போடுவது வாசனைக்கு. கடைசிப் பொட்டலம் அடுப்பிலேயே ஏறக் கூடாது, வாளியில் புளித்து அடங்கிய பிறகு சும்மா தூவ வேண்டும். இறக்கியதும் சட்டென்று ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டி, ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டும். ஆறவைக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமே என்று, முதல் பொட்டலத்தைப் போட்ட கையோடு அடைக்கலம் ஓடைக்குக் கிளம்பியது. அடுப்பைப் பார்த்துக்கொள் என்று பூங்கோதையிடம் தாளையும் கொடுத்துவிட்டுப் போனது.

ஓடையில் யானைகள் குளித்துக்கொண்டிருந்தன. யானை குளித்து முடிப்பதற்கும் அரசு அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முடிவதற்கும் கணக்குக் கிடையாது.

பூங்கோதை தாளைப் பார்த்தது, பிறகு பானையைப் பார்த்தது. பச்சையாக என்னமோ கொதிக்கிறது. தொட்டு நக்கினால் கசக்கிறது. பச்சையாக, கசப்பாகக் கொதிப்பது என்னவென்று அதற்குத் தாள் சொல்ல வேண்டியதில்லை. கஷாயம். கஷாயத்தை எப்படி வைக்க வேண்டும் என்று கரடிப் பெண்ணுக்கு எந்தத் தாடிக்காரனும் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. மருந்தைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் போட்டால் சத்து இறங்குமா? மீதி நாலையும் மொத்தமாகக் கொட்டியது. தீயைக் கூட்டியது. நாலு பங்கு ஒரு பங்காகும்வரை சுண்டவிட்டது.

அடைக்கலம் தண்ணீரோடு வந்து பானையை எட்டிப் பார்த்தது. அடியில் கன்னங்கரேலென்று கொஞ்சம் கிடந்தது.

"என்ன செஞ்சு வச்சிருக்கே?" என்றது.

"நாலுக்கு ஒண்ணா வத்தவச்சேன். அப்படித்தானே கேக்கும்?" என்றது பூங்கோதை.

அடைக்கலம் அழுதது. சும்மா கண் கலங்கவில்லை, பானையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதது. இருந்தாலும் காசு போட்டு வாங்கிய சாமான் ஆயிற்றே என்று, ஆறவைத்து வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவியது. தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்ட வேண்டும் என்பது அந்தத் துக்கத்தில் மறந்துபோயிற்று. மால்ட் சாற்றிலிருந்த சர்க்கரை அத்தனையும் கால் பங்குத் தண்ணீரில் நின்றால் ஈஸ்ட் சும்மா இருக்குமா? வாளி பத்து நாள் களக் களக்கென்று குமிழி விட்டது. மாம்பழம் கேட்ட இடத்தில் யானையைக் கவிழ்க்கும் சரக்கு தயாரானது.

பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்ததும் வாசனை காடு முழுக்கப் போயிற்று. மதுவிலக்கு ஆய்வாளர் அன்புக்கரசு ஒரு உடும்பு. உடும்புக்கு நாக்குதான் மூக்கு, அதை வெளியே நீட்டினால் காற்றிலேயே மோப்பம் பிடித்துவிடும். பிடித்தால் விடாது என்பது குடும்பப் பெருமை. நாக்கை நீட்டிக்கொண்டே குகைக்குள் வந்தார். கவனியுங்கள், வந்தார்.

அடைக்கலம் குகைச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது. ஆய்வாளர் பறிமுதல் படிவத்தை எடுத்து, குகையின் நீளம் அகலம் என்ற இடத்தை நிரப்ப ஆரம்பித்தார். குற்றம் என்ற இடத்தை அவர் எப்போதும் கடைசியில்தான் நிரப்புவார்.

"என்னம்மா இது?" என்றார் வாளியைக் காட்டி.

"கஷாயங்க. இவருக்கு நெஞ்சுச்சளி," என்றது பூங்கோதை. அது பொய் சொல்லவில்லை. அதைப் பொறுத்தவரை அது கஷாயம்தான்.

ஆய்வாளர் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். முகம் சுருங்கிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது, வால் நட்டுக்கொண்டது. மூச்சு வந்ததும் யோசித்தார். இவ்வளவு கேவலமாக இருப்பதை எவனும் ஆசைப்பட்டுக் குடிக்க மாட்டான். ஆகவே இது மது அல்ல, மருந்து. அரசு வேலைக்கு வேண்டிய தர்க்கம் அவரிடம் நிறையவே இருந்தது. தனக்கும் முட்டி வலி உண்டு என்று சொல்லி இன்னொரு டம்ளர் குடித்தார். மூன்றாவது டம்ளரில் முட்டி வலி போயிற்று. நாலாவதில் முட்டியே போயிற்று. அடைக்கலத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இந்தக் காட்டில் என்னைப் புரிந்துகொண்டது நீ ஒருவன்தான் என்று ரொம்ப நேரம் அழுதார்.

மறுநாள் அந்தக் கஷாயம் அரண்மனைக்குப் போயிற்று. அரசர் சிங்கத்துக்கு மூன்று மாதமாக ஜலதோஷம். குடித்த பிறகும் ஜலதோஷம் போகவில்லை, ஆனால் அரசர் அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார். வைத்தியத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்? உத்தரவு வந்தது. காட்டில் உள்ள எல்லாரும் தினம் காலையில் வரிசையில் நின்று ஆளுக்கொரு டம்ளர் கஷாயம் குடிக்க வேண்டும். குடித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரலில் மை. அடைக்கலம் தலைமை வைத்தியர். குகைக்கு இனி அரசுப் பாதுகாப்பு.

இனிமேல் நாமும் மரியாதையாகப் பேசுவோம். தலைமை வைத்தியர் அடைக்கலம் தினமும் காலையில் வாசலில் நின்றார். மிருகங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் விழுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வேலைக்குப் போயின. காடே ஆரோக்கியமாக இருந்தது. எவனுக்கும் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாகப் போனான்.

வைத்தியருக்கு மட்டும் சந்தோஷமில்லை. ஒருத்தனாவது மாம்பழ வாசனை வருகிறது என்று சொன்னானா? ஒருத்தனாவது கண்ணை மூடி முகர்ந்தானா? பெட்டி பெட்டியாக அரசுச் செலவில் மால்ட் சாறு வருகிறது, அத்தனையையும் பூங்கோதை நாலுக்கு ஒன்றாகச் சுண்டவைத்துவிடுகிறது. ஒரே ஒரு தடவை தாளில் உள்ளபடி செய்து பார்க்கிறேன் என்று வைத்தியர் கெஞ்சினார்.

"கூரை நம்ம தலைக்கு மேல இருக்குல்ல? பேசாம இருங்க," என்றது பூங்கோதை.

இருந்தாரா? ரசிகர் ஆயிற்றே. ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, பூங்கோதை கிழங்கு தோண்டப் போன நாளில் காய்ச்சினார். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். ஒவ்வொரு பொட்டலமும் அதனதன் நேரத்தில் விழுந்தது. தண்ணீரை அளந்து கூட்டினார். கடைசிப் பொட்டலத்தை, வாளி அடங்கிய பிறகு, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோலத் தூவினார். பாட்டிலில் அடைத்து, குகையின் மூலையில் பூங்கோதை கண்ணில் படாமல் ஒளித்துவைத்து, இரண்டு வாரம் பொறுத்தார். கரடிக்கு இரண்டு வாரம் என்பது ரொம்ப நாள்.

திறந்தார். நுரை எழும்பி நின்றது. பொன்னிறம். முதலில் மாம்பழம், நடுவில் எலுமிச்சைத் தோல், கடைசியில் அந்த இதமான கசப்பு. தாடிக்காரர்கள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தார். சந்தோஷத்தில் அழுதார். அழுதுவிட்டு அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தனியாகக் குடித்தால் யார் பாராட்டுவது? மறுநாள் பூங்கோதை எழுந்திருக்கும் முன்பே வாசலுக்குப் போய், கஷாயத்துக்குப் பதிலாக அதை ஊற்றினார்.

முதலில் நின்ற முயல் வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது. பிறகு மூக்கை விட்டது. பிறகு, "நல்லா இருக்கே" என்றது.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. நல்லா இருக்கா என்று பின்னால் நின்றவை கேட்டன. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று ஒரு மான் கேட்டது. மருந்து வரிசையில் யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி அது. ஓரத்தில் மை வைத்துக்கொண்டிருந்த ஆய்வாளர் அன்புக்கரசு நாக்கை நீட்டினார். ஒரு டம்ளர் வாங்கி நிதானமாகக் குடித்தார். ருசித்துக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

அதே டப்பா, அதே பொட்டலம், அதே வாளிதான் என்று வைத்தியர் மன்றாடினார்.

"ஐயா, பழைய கஷாயத்துல பாதி போதைகூட இதுல இல்லீங்க," என்றார்.

"அது வைத்தியம், அதுல போதையைப் பத்திப் பேசக் கூடாது. இது நல்லா இருக்கு. நல்லா இருக்கிறதை எப்படிய்யா மருந்துன்னு எழுதுறது?" என்றார் ஆய்வாளர்.

அரசர் இரண்டையும் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவதைக் குடித்தபோது தனக்கு மகிழ்ச்சி உண்டானதாக அவரே ஒப்புக்கொண்டது முக்கியமான சாட்சியம் ஆயிற்று. சாட்சியப் பொருளாக மீதி பாட்டில்களை அரண்மனையிலேயே வைத்துக்கொண்டார்கள். அடைக்கலத்தின் பதவி போயிற்று, பதவியோடு அந்த 'ஆர்' விகுதியும் போயிற்று. குகை பறிமுதல். அடைக்கலம் ஆற்றைக் கடந்து போனது.

அடுத்த தலைமை வைத்தியர் யார் என்று யாருக்கும் சந்தேகமில்லை. நாலுக்கு ஒன்றாகச் சுண்டவைக்கத் தெரிந்தவர் காட்டிலேயே ஒருவர்தான். பறிமுதல் செய்த குகையைப் புதிய வைத்தியருக்கு அரசு வீடாக ஒதுக்கினார்கள். வைத்தியர் பூங்கோதை அம்மையார் அதே குகையில், அதே இடத்தில் படுத்துத் தூங்கினார். தூக்கம் சரியாக வரவில்லை என்று கேள்வி. இருந்தாலும் கூரை ஒழுகவில்லை.

கஷாயச் சட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்கும் உண்டு. ஆகவே தினமும் காலையில் அடைக்கலம் நீந்தி வந்து வரிசையில் கடைசியாக நின்றது. மழையில் நனைந்த அதன் முடி ஒருநாளும் காயவில்லை. முறை வந்ததும் அம்மையார் டம்ளரை விளிம்புவரை நிரப்பினார். மற்றவர்களுக்கு முக்கால் டம்ளர்தான்.

"என்னங்க, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிடுங்க," என்றார் மெதுவாக.

அடைக்கலம் குடித்தது. முகத்தைச் சுளித்தது. கட்டைவிரலை நீட்டி மை வைத்துக்கொண்டு, மறுபடியும் ஆற்றில் இறங்கியது.

நீதி: தப்பாகச் செய்து ஒருமுறை பாராட்டு வாங்கிவிட்டால், அதையே சரியாகச் செய்யத் தெரியும் என்பதை உயிர் போனாலும் வெளியே காட்டாதே, குடிப்பவன் முகம் சுளிக்கிறவரைதான் குகை உன்னுடையது.