பன்னிரண்டு சந்தேகங்கள்

சங்கல்பத்தைத் தாண்டுவதற்குள்ளேயே மணி பதினொன்று. ஒரு மணிக்கு இளம் வாத்தியார் கண்ணா நவி மும்பை நெருளில் இன்னொரு வீட்டுச் சிராத்தத்தில் இருந்தாக வேண்டும். செம்பூர் ஜம்பு மாமாவோ விரலைத் தூக்கினார்.

"மொத்தம் பன்னெண்டு சந்தேகம். முதல்ல, சிராத்தம்ங்கற வார்த்தை எதிலேர்ந்து வந்தது?"

மாமாவின் மடியில் ஒரு நோட்டு. அட்டையில் மாட்டுங்கா சமஸ்கிருத வகுப்பின் முத்திரை. ரிட்டயரான மாமாக்களைச் சர்க்கரை வியாதிக்கு அடுத்தபடியாகப் பிடிப்பது அந்த வகுப்புதான் என்று கண்ணா பல்லைக் கடித்தான். மாமாவின் மனைவி பாகீரதி மாமி போய் ஒரு வருஷம். ஆண்பிள்ளை இல்லாததால் காரியம் செய்யும் கர்த்தா மாமாவேதான்.

"சிரத்தையிலேர்ந்து, மாமா."

மாமா பென்சிலால் டிக் போட்டார். அந்தத் தைரியத்தில் அடுத்தது தர்ப்பணம். பாடசாலையில் எட்டு வருஷம் மந்திரத்தை உருப்போட்ட கண்ணாவுக்கு அர்த்தத்தை யாரும் சொல்லித் தரவில்லை. தர்ப்பையிலிருந்து வந்தது என்று அடித்துவிட்டான். அப்படியானால் தர்ப்பை கிடைக்காத நாளில் விட்ட ஜலமெல்லாம் யாருக்குப் போயிற்று என்று மாமா கலங்கிப் போனார்.

சமாளிக்கத் தன் குருவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அதுதான் வினையாயிற்று. தர்ப்பணத்துக்கும் திருப்திக்கும் வேர் ஒன்றே, போனவர்களைத் திருப்திப்படுத்துவதுதான் அது என்று ஆரம்பித்த குரு, கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாற்பது நிமிஷம் நிறுத்தவில்லை. அடுக்களையில் வடைக்கு அரைத்த மாவு புளித்துக்கொண்டிருந்தது. நெருள்காரர்கள் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. "பன்னெண்டும் தீர்ந்தாத்தான் மாமிக்குப் போய்ச் சேருமா, மாமா?"

"இன்னியோட வருஷம் முடியறது. எதையும் பாக்கி வச்சு அனுப்பக் கூடாதுன்னு பார்த்தேன்" என்றார் மாமா. ஐந்து டிக்கோடு நோட்டை மூடி மணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அப்புறம் மந்திரம் எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் ஓடியது. சாப்பிட்டு முடித்த பிராமணர்களிடம் திருப்திதானா என்று கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் மாமா மணைக்கு அடியில் இருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகக் கண்ணாவே கேட்டான். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டியபடி, இந்த வயதில் மாமாவுக்குச் சமஸ்கிருதம் எதற்கு என்று அவர் மகள் ஷ்ருதியிடம் கேட்டான்.

"அப்பாவுக்குச் சமஸ்கிருதம் எங்கே தெரியும்? அது அம்மாவோட நோட்டு" என்றாள் அவள். "அம்மா இருந்தப்போ தாத்தா சிராத்தத்துக்கு நீங்க வந்தப்போ கேக்கணும்னு எழுதி வச்சிருந்தா. நெருளுக்கு லேட்டாயிடுத்துன்னு நீங்க கிளம்பிட்டேள்."