நூல்கட்டை எண்ணிய தூண்கள்

அந்தச் சனிக்கிழமை காலை ஸ்பெயினில், கோர்டோபாப் பெரிய பள்ளிவாசலுக்குள் இருந்தவர்கள்: நான், கொலோனில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிறவன். நூல்கட்டை, மாணவன். மீசை வைத்த ஒரு காவலாளி. கூட்டுகிற ஒரு பெண். நாலைந்து சுற்றுலாக்காரர். மிச்சம் எல்லாம் தூண்கள்.

நூல்கட்டையைப் போல ஒருவனை ஜெர்மனி அதற்கு முன் கண்டதில்லை. இனியும் காணாது. கடவுளே நேரில் வந்தாலும் உயரத்தை அளந்துவிட்டுத்தான் கும்பிடுவான்.

மதுரைப் பக்கத்துப் பெடியன். கட்டடப் படிப்பு. எங்கள் வீட்டில் பக்கத்து அறை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கட்டை; பெயரும் அதனால்தான். நூலில் அளவுக்கு முடிச்சுகள். குளிர்சாதனப் பெட்டியை அளந்து எனக்குப் பாதி பிரித்துத் தந்தான். ஒருநாள் காலை வந்து நின்றான்.

"அண்ணே, உங்க குறட்டை பதினோரு மீட்டர்."

"என்னது?"

"அதுக்கு அப்புறம் கேக்கல. ஆனா பதினோராவது மீட்டர் தெருவுல இருக்குண்ணே."

கொலோன் பெரிய தேவாலயக் கோபுரத்துக்கு இத்தனை படி என்று எழுதியிருக்கும். ஊரே வாசித்துவிட்டு ஏறும். அவன் எண்ணிக்கொண்டு ஏறினான். எண்ணிக்கொண்டு இறங்கினான். "சரியாத்தான் இருக்கு" என்றான். முகம் செத்தவீட்டு முகம்.

அவனுடைய வகுப்பில் பேராசிரியர் கோர்டோபாவைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பள்ளிவாசல். பின்னாளில் அதன் நடுவே தேவாலயம் எழுப்பினார்கள். தூண்கள் 856 என்று புத்தகத்தில் இருந்தது. இவன் எழும்பி, எண்ணியது யார் என்று கேட்டான். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருப்பார் என்றான். பேராசிரியர் சிரிக்கவில்லை. நீயே போய் எண்ணிவிட்டு வா, புத்தகம் சரியென்றால் திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேள் என்றார்.

அவனுக்கு அது மானப் பிரச்சினை. எனக்கு அப்போதுதான் அகதிக்குத் தரும் நீலப் பயணப் புத்தகம் கிடைத்திருந்தது. பதினொரு வருஷம் காத்திருந்து எடுத்தது. அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

"பூட்டி வைக்கவாண்ணே கொடுத்தாங்க? டிக்கெட் சும்மா மாதிரி. கிளம்புங்க."

"மலிவெண்டால் ஏதோ வில்லங்கம் இருக்கும், தம்பி."

இருந்தது. விமான நிலையத்துக்குப் பெயர் பிராங்பேர்ட். பிராங்பேர்ட் நகரம் அங்கிருந்து இரண்டு மணித்தியாலம். போய் இறங்கிய இடமும் கோர்டோபா இல்லை. இன்னொரு பேருந்து. படுக்கை, பேருந்து நிலைய வாங்குப் பலகை. சாப்பாடு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பாணும் சம்பலும்.

பள்ளிவாசலுக்குள் காலையில் ஒரு மணித்தியாலம் இலவசம். பிறகு தேவாலயப் பூசைக்காக எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குள் எண்ணி முடிக்க வேண்டும்.

வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

"அண்ணே, இங்க எல்லாரும் போட்டுக்கிட்டுதான் போறாங்க."

"அவை போகட்டும். கும்பிடுற இடம். கழட்டும்."

கழற்றினான். முற்றத்துத் தோடை மரத்தடியில் இரண்டு சோடியையும் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனோம்.

அவன் எண்ணிக்கை முந்நூற்றுச் சொச்சத்தில் நிற்கக் காவலாளி வந்தார். எங்கள் சப்பாத்துகளைப் பழுதான மீன் போலத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் விளக்குமாற்றோடு அந்தப் பெண். காவலாளி ஸ்பானிஷில் ஏசினார். நான் தமிழில் மறுமொழி சொன்னேன். கடைசியில் போட்டுக்கொண்டோம். எண்ணிக்கை போய்விட்டது.

"எங்கண்ணே விட்டேன்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி நிக்குது."

தொடங்கும் இடம் தெரிவதற்கு ஒரு தூணில் நூலைக் கட்டப் போனான். காவலாளி விரலை ஆட்டினார். நூல்கட்டை சுற்றிப் பார்த்தான். பிறகு நூலை என் விரலில் கட்டினான்.

"அசையாதீங்க." என் தோளில் தட்டினான். "ஒண்ணு." பக்கத்துத் தூணைப் பார்த்தான். "ரெண்டு." கையில் நூல்கட்டை உருள ஓடினான்.

காவலாளி நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனிதனில் கட்டக் கூடாது என்று சட்டம் இல்லைப் போலும்.

நான் நின்றேன். கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. பதினொரு வருஷம் நான் பார்த்தது அதைத்தான். இங்கே சுவரைக் காணவில்லை. தூண், அதற்குப் பின்னால் தூண். மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவு, அதற்கு மேலும் வளைவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதை திறந்தது. மூச்சு விடவும் பயமாக இருந்தது. இதைக் கட்டியவர்களுக்கு அலுக்கவில்லையா என்று நினைத்தேன். எங்கோ தூரத்தில் அவன் குரல் ஐந்நூறைத் தாண்டியது. அவனுக்கும் அலுக்கவில்லை.

நேரம் முடிந்தது. ஆட்களை வெளியே விட்டார்கள். காவலாளி என்னிடம் வந்தார். நான் விரலைக் காட்டினேன். நூல் நடுங்கிக்கொண்டிருந்தது. மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒருவரும் தடுக்கி விழாமல் நூலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

அவன் ஓடி வந்தான். "எண்ணூத்தி ஐம்பத்தேழு! புத்தகம் தப்புண்ணே! ஜெயிச்சுட்டோம்!"

திரும்பும் பேருந்தில் பாட்டு. காலால் தாளம். அவனை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"ஒண்டு எண்டு என்ர தோளிலையெல்லோ தட்டினனீர்."

பாட்டு நின்றது.

"அப்போ புத்தகம் சரி."

"ஓம்."

"சொல்லாம இருந்திருக்கலாம்லண்ணே."

"நான் தூண் இல்லை, தம்பி."

திங்கட்கிழமை வகுப்பில் எழும்பி மன்னிப்புக் கேட்டான். பேராசிரியர் கீழே இறங்கி வந்து கைகொடுத்தாராம். அவர் வாசித்தவர். இவன் எண்ணியவன்.

படிப்பு முடிந்து மியூனிக்கில் வேலைக்குப் போனான். ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் ஒரு அட்டை வரும். சுகம் விசாரிக்க மாட்டான். பெயரும் போட மாட்டான். ஒரு எண் மட்டும் எழுதியிருப்பான். என்னை அவன் இன்னும் கழிக்கவில்லை.

857.